கிருமி போன பிறகும் அப்பா ஏன் தேறவில்லை? உடம்புக்கு பிரேக் கிடையாதா?

குலசேகரம் பையன் கேட்டது:

மக்களே, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு 61 வயது. முப்பத்தைந்து வருஷமாக ரப்பர் மரத்தில் பால்வெட்டுதான் தொழில், சர்க்கரையும் உண்டு. ஆனி மாதக் கடைசியில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. விடியற்காலையில் தலையில் லைட் கட்டிக்கொண்டு செருப்பு கூட இல்லாமல் தோட்டத்துக்குப் போனவர், மரத்தடியில் உடைந்து கிடந்த சிரட்டையை மிதித்துவிட்டார். வழக்கம்போல மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வெட்டப் போனார். மூன்றாம் நாள் முழங்கால் வரை சிவந்து பளபளவென்று வீங்கிவிட்டது, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடும் குளிர்காய்ச்சல். நாலாம் நாள் என்னையே யாரென்று கேட்டார். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 11 நாள் ஐசியூ.

அங்கே ஐந்தாம் நாள் டாக்டர் சொன்னதுதான் இன்னும் மண்டையில் ஓடுகிறது. "ரத்தத்தில் இப்போது கிருமி வளரவில்லை, மருந்து பிடித்துவிட்டது. ஆனால் கிருமியை அடிக்கக் கிளம்பிய படை இன்னும் திரும்பவில்லை, அதுதான் கிட்னியையும் நுரையீரலையும் போட்டு அடிக்கிறது" என்றார். நானும் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்படியென்றால் உடம்புக்கு நிறுத்தத் தெரியாதா? எல்லாருக்கும் காய்ச்சல் வருகிறது, போகிறது, அங்கெல்லாம் யார் நிறுத்துகிறார்கள்? இன்னொன்று, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்று ஊரே சொல்லுகிற ஸ்டீராய்டை, கிருமி உள்ள மனுஷனுக்கே ஏற்றினார்கள், அது ஏன்? அப்புறம் வார்டுக்கு மாற்றிய பிறகு திரும்ப நிமோனியா வந்து இன்னும் ஒரு வாரம் போனது. ஒரு பக்கம் எதிர்ப்பு அதிகமாகி அடிக்கிறது என்கிறார்கள், அடுத்த வாரமே எதிர்ப்பு இல்லாமல் நிமோனியா என்கிறார்கள். எது சரி?

இப்போது வீட்டில் இருக்கிறார். சித்தப்பா 1,400 ரூபாய்க்கு ஒரு இம்யூனிட்டி பவுடர் டின் வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கொடுக்கலாமா வேண்டாமா?

கடலோரம் எழுதியது:

தம்பி, பவுடர் கொடுங்க, தப்பில்லை. வயசானால் எதிர்ப்புச் சக்தி குறையும், அதைக் கூட்டினால் சரியாகும். கொரோனா சமயத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் இதே மாதிரி ஒன்றைக் குடித்தோம், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சோதனைக்குழாய் எழுதியது:

கடலோரம் அண்ணே, கோபிக்காதீங்க. அவருடைய அப்பாவை ஐசியூவில் படுக்கவைத்ததே கூடிப்போன எதிர்ப்புதான், அதைப் போய் இன்னும் கூட்டுவதா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. தக்கலைப் பக்கம் சொந்த ஊர், பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்களைத் தட்டில் வளர்த்து, அவற்றைச் சீண்டிவிட்டு, எப்போது அடங்குகின்றன என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

தம்பி, அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு வெட்டின மரத்தில் பால் ஏன் காலையிலேயே நின்றுவிடுகிறது? மரத்தில் பால் தீர்ந்துவிட்டதா? இல்லை. வெட்டியவுடன் பட்டைக்குள் இருக்கும் அழுத்தத்தில் பால் வேகமாக ஒழுகும், அதே பாலுக்குள் லூட்டாய்டு என்று கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகள் மிதக்கின்றன. வெட்டுவாயில் அவை உடைந்து, உள்ளே இருக்கும் சரக்கு பாலை உறையவைத்துக் குழாயை அடைக்கிறது. அடைப்பதற்கு வெளியிலிருந்து யாரும் வருவதில்லை, ஒழுகுகிற பாலோடுதான் அடைப்பும் வருகிறது. கடைசியில் வெட்டுவாயில் ஒட்டுப்பாலாகப் பிடித்து உரித்தெடுக்கிறோமே, அந்தக் கதைதான்.

உடம்பின் முதல் வரிசைப் பாதுகாப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. பிறக்கும்போதே கூட வருகிற பாதுகாப்பு இது, தடுப்பூசி போட்டுக் கற்றுக்கொள்வது வேறு. வெள்ளணுக்களின் மேல் டோல் ரிசெப்டர் என்று காவல்காரர்கள் உண்டு. கிருமியின் மேலுறை, வால், மரபணுத் துண்டு இப்படி நம் உடம்பில் இருக்கக்கூடாத பொருள் ஏதாவது தட்டுப்பட்டால் உள்ளே தகவல் போகும். பூச்சியில் டோல் இந்த வேலை செய்கிறது என்று காட்டியவர் ஜூல்ஸ் ஹாஃப்மன், எலியில் அதற்கு இணையானதைக் கண்டவர் புரூஸ் பாய்ட்லர், 2011 நோபல் பரிசில் இவர்களுக்குப் பங்கு உண்டு. தகவல் கடைசியில் வந்து சேரும் இடம் என்எஃப் கப்பா பி என்ற புரதம். 1986-இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் கண்டுபிடித்தது. சாதாரண நேரத்தில் ஐ கப்பா பி என்று இன்னொரு புரதம் இதைக் கையைக் கட்டி செல்லின் வெளிவட்டத்தில் உட்காரவைத்திருக்கும். அபாயத் தகவல் வந்ததும் அந்தக் கட்டுகிற புரதத்தை செல்லே அழித்துவிடும், என்எஃப் கப்பா பி உட்கருவுக்குள் ஓடி டிஎன்எஃப், இன்டர்லூகின் மாதிரியான அழற்சிச் சரக்குகளையெல்லாம் தயாரிக்கச் சொல்லி உத்தரவு போடும்.

நான் மாணவனாக இருந்தபோது இதற்கு அடுத்த வரியைப் படித்துவிட்டு இரண்டாம் தடவை திரும்பப் படித்தேன். அது போடும் உத்தரவுகளில் ஒன்று, "ஐ கப்பா பி-யைத் திரும்பச் செய்" என்பது! தன்னைக் கட்டிப்போடும் கயிற்றைத் தானே திரித்துக்கொள்கிறது. புதிதாக வந்த ஐ கப்பா பி உட்கருவுக்குள்ளேயே போய் அதைப் பிடித்து வெளியே இழுத்துவரும். வாசலில் கிருமி இன்னும் நின்றால் கயிறு மறுபடி அறும், உள்ளே ஓடும், மறுபடி கட்டும். மைக்ராஸ்கோப்பில் ஒளிரும்படி செய்துவைத்து டிஎன்எஃப் ஊற்றிப் பார்த்தால், ஏறக்குறைய 100 நிமிஷத்துக்கு ஒரு தடவை உள்ளே வெளியே என்று போய்வருவதைக் கண்ணால் பார்க்கலாம். நான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

அதே உத்தரவில் வெளிவரும் இன்னொரு ஆள் ஏ20. அபாயத் தகவல் உள்ளே கைமாறிப் போகும்போது, வழியில் உள்ள புரதங்களின்மேல் யுபிகுட்டின் என்று ஒரு சின்னச் சங்கிலி கோர்க்கப்படும், அது இருந்தால்தான் தகவல் முன்னால் போகும். ஏ20 வந்து அந்தச் சங்கிலியைக் கழற்றி எறியும். ஏ20 இல்லாமல் பிறக்கவைத்த எலிகள் உடம்பெல்லாம் அழற்சி வந்து சில வாரத்திலேயே செத்துப்போயின, அந்த ஆய்வு வந்தது 2000-இல். மனிதரிலும் ஏ20 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும், சின்ன வயதிலிருந்தே வாய்ப்புண், காய்ச்சல், மூட்டுவலி என்று திரும்பத் திரும்ப வரும் குடும்பங்கள் இருப்பதை 2016-இல் விவரித்தார்கள். கிருமியே இல்லாமல் வருகிற காய்ச்சல் அது, பிரேக் தேய்ந்ததால் வருவது.

இதெல்லாம் ஒரு செல்லுக்குள் நடப்பது. செல்லுக்கு வெளியேயும் உண்டு. இன்டர்லூகின் 1 என்பது காய்ச்சலைக் கிளப்பும் சரக்கு, அது போய் உட்காரவேண்டிய நாற்காலியில் முன்னாலேயே போய் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்ள உடம்பு ஒரு போலியைச் செய்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. அந்தப் போலியைத்தான் அனகின்ரா என்று மருந்தாகவே செய்து விற்கிறார்கள். இன்டர்லூகின் 10 என்று இன்னொன்று, அதன் முக்கிய வேலையே அடக்குவதுதான்.

சண்டை முடிந்த பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சீழாக நிற்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வேலை முடிந்ததும் தாமாகவே சாகின்றன, மேக்ரோஃபேஜ் வந்து அவற்றை விழுங்குகிறது, விழுங்கின உடனே அதன் குணமே மாறிவிடும், அழற்சிச் சரக்கை நிறுத்திவிட்டு இன்டர்லூகின் 10-ஐயும் காயத்தை ஆற்றும் சரக்கையும் விட ஆரம்பிக்கும். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 கொழுப்பிலிருந்து ரிசால்வின் என்று அடங்கவைக்கும் பொருள்களை உடம்பு செய்கிறது என்பதும் உண்மை. அதற்காகச் சாளை தின்றால் ஐசியூ வேண்டாம் என்று யாராவது கிளம்பிவிடாதீர்கள். சாளை மரச்சீனிக்கு நல்லது, அவ்வளவுதான்.

தம்பியின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எது சரி என்று கேட்டீர்கள், இரண்டும் சரிதான். கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் அபாய மணி அடித்தால், பிரேக்கும் அதே அளவுக்கு உடம்பு முழுக்கத் தயாராகும். மணி நின்றாலும் தயாரான பிரேக் உடனே கரையாது. வெள்ளணுக்கள் சில நாள், சில வாரம்கூட மந்தமாகக் கிடக்கும், எதைக் காட்டினாலும் ஏனோதானோ என்றுதான் பார்க்கும். 1946-இலேயே பால் பீசன் என்பவர் முயல்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசிச் சரக்கைத் திரும்பத் திரும்ப ஊசி போட்டுப் பார்த்தார், நாள் போகப் போகக் காய்ச்சல் ஏறுவது குறைந்துகொண்டே வந்தது. அப்பாவின் நிமோனியாவுக்கு இந்த மந்தமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், படுக்கையில் கிடந்தது, குழாய் போட்டது, சர்க்கரை எல்லாம் கூடச் சேர்ந்திருக்கும்.

ஸ்டீராய்டைப் பற்றி ஐசியூவில் வேலை செய்கிற யாராவது எழுதினால் நன்றாயிருக்கும்.

நைட் டூட்டி அக்கா எழுதியது:

நான் எழுதுகிறேன். ஐசியூ நர்ஸ், பதினாலு வருஷம்.

தம்பி, சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி அட்ரீனல் சுரப்பி இருக்கிறது. அழற்சிச் சரக்கு ரத்தத்தில் கூடினால் மூளைக்குத் தகவல் போய், மூளை சொல்லி, அந்தச் சுரப்பி கார்ட்டிசால் விடும். அது உடம்பே தயாரிக்கும் ஸ்டீராய்டு. சோதனைக்குழாய் தம்பி சொன்ன கயிறு இருக்கிறதே, ஐ கப்பா பி, அதை அதிகம் செய்யவைப்பது இந்த கார்ட்டிசாலின் வேலைகளில் ஒன்று என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய அடி விழும்போது சிலருக்கு இந்தச் சுரப்பு போதாமல் போகிறது. சலைன் ஏற்றியும், பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தை பம்பில் ஓடவிட்டும், அதன் அளவைக் கூட்டிக்கொண்டே போயும் பிரஷர் நிற்காவிட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஆரம்பிப்பார்கள், வழக்கமாக ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம், ஆறு மணிக்கொரு தடவை 50. ஆன்டிபயாட்டிக் கூடவே ஓடும். உங்கள் அப்பாவுக்கும் அநேகமாக இப்படித்தான் நடந்திருக்கும். எத்தனையோ ராத்திரி நான் பார்த்திருக்கிறேன், ஊசி போட்டு சில மணி நேரத்தில் பம்பின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க முடியும், மானிட்டரில் சராசரி பிரஷர் 65-க்கு மேலே நிற்கும், அப்போதுதான் நாங்களும் உட்காருவோம். சர்க்கரை மட்டும் ஏறிக் கூத்தாடும்.

ஆனால் யாருக்கு, எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2020-இல் இங்கிலாந்தில் ரெகவரி என்ற பெரிய ஆய்வில் கொரோனா நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு நூற்றுக்கு 41-இலிருந்து 29-ஆகக் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்து ஒரு பலனும் தரவில்லை, எண்ணிக்கை 14-இலிருந்து 18 பக்கம் ஏறத்தான் செய்தது. மாத்திரை ஒன்றுதான். மணி உரக்க அடித்துக்கொண்டிருப்பவருக்கு பிரேக் உதவியது, கிருமியோடு இன்னும் சண்டை போட வேண்டியவருக்கு உதவவில்லை. 2021-இல் சர்க்கரைக்காரர்கள் மெடிக்கலில் ஸ்டீராய்டைத் தாங்களே வாங்கிப் போட்டுக்கொண்டு கருப்புப் பூஞ்சையோடு வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

பவுடர் டின்னில் என்னென்ன இருக்கிறது என்று பாதி டின்னில் ஒழுங்காக எழுதுவதே இல்லை. கிட்னி இப்போதுதான் தேறிவருகிறது, டாக்டரிடம் டின்னைக் காட்டாமல் ஒரு ஸ்பூன்கூடக் கொடுக்காதீங்க. அடுத்த சில மாதம் காய்ச்சல், மூச்சு வாங்குவது, ஒன்றுக்குக் குறைவாகப் போவது, பேச்சில் குழப்பம், இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போங்க. ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி எப்போது போடலாம் என்று அடுத்த செக்கப்பில் கேளுங்க. அப்புறம் செருப்பு! சர்க்கரைக்காரர் வெறுங்காலோடு மழையில் தோட்டத்துக்குப் போவதா?

தேன்பெட்டி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கணும். மார்த்தாண்டம் பக்கம் நாற்பது தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். ரப்பர் இலை தளிர்க்கும் மாசி பங்குனியில் தினமும் பத்து இருபது கொட்டு வாங்குவேன், அந்தச் சமயத்தில் கொசு கடித்த மாதிரிதான் இருக்கும். மழைக்காலம் முழுக்கப் பெட்டியைத் தொடாமல் இருந்துவிட்டு சீசனில் முதல் கொட்டு வாங்கினால் மட்டும் கை பன்னு மாதிரி வீங்கும். அந்த முயல் கதைதான் இதுவுமா?

சோதனைக்குழாய் எழுதியது:

அண்ணாச்சி, பங்காளிக் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். முயலில் நடந்தது முதல் வரிசைக் காவல்காரர்களின் மந்தம். உங்களுக்கு நடப்பதில் பெரும்பங்கு கற்றுக்கொள்ளும் பகுதியைச் சேர்ந்தது. திரும்பத் திரும்ப விஷம் உள்ளே போவதால் அதை அடையாளம் கண்டு இன்டர்லூகின் 10 விடும் டி செல் என்ற வெள்ளணுக்கள் பெருகுகின்றன, ஐஜிஜி4 என்ற சாதுவான ஆன்டிபாடி கூடுகிறது, வீக்கத்தைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள்வரை விஷத்தின் செய்தி முன்போல எட்டுவதில்லை. சீசன் விட்டால் அந்தப் பிடிமானம் தளரும். பிரேக் சரக்கு அதே இன்டர்லூகின் 10தான், பட்டறை வேறு.

ஆனால் எல்லாத் தேன்காரருக்கும் இப்படிப் போகாது, சிலருக்குத் தலைகீழாகப் போகும். கொட்டின இடத்தை விட்டு உடம்பெல்லாம் தடிப்பு, தொண்டை இறுக்கம், தலைசுற்றல் என்று எப்போதாவது வந்தால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராதீர்கள், நேராக ஆஸ்பத்திரி, அட்ரினலின் ஊசி.

வடசேரி வாத்தியார் எழுதியது:

எல்லாம் சரி. இவ்வளவு ஆபத்தான மணியை வைத்த உடம்பு, பிரேக்கை இன்னும் கொஞ்சம் பலமாக வைத்திருக்கலாமே? இரண்டு மடங்கு ஏ20 இருந்தால் யாருக்கும் இந்த நிலை வராது அல்லவா?

சோதனைக்குழாய் எழுதியது:

சார், அதைச் செய்து பார்த்த மாதிரி ஒரு அனுபவமே உண்டு. மூட்டுவாதத்துக்கு டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் ஊசி வந்தது, வலி அற்புதமாகக் குறைந்தது, கூடவே உள்ளே வருஷக்கணக்கில் தூங்கிக்கிடந்த காசநோய் சிலருக்கு எழுந்துகொண்டது. 2001-இல் அது பதிவானதிலிருந்து ஊசிக்கு முன்னால் டிபி சோதனை கட்டாயமாகிவிட்டது. அதே ஊசி வகையை 90-களில் ஐசியூ நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள், பெரிதாகப் பலன் கிடைக்கவில்லை. நோயாளி வந்து சேரும் நேரத்தில் டிஎன்எஃப் அலை பெரும்பாலும் தாண்டிப்போயிருக்கும் என்பது ஒரு காரணம்.

இன்னொரு விஷயம் சொல்கிறேன், எனக்கே இன்றும் ஆச்சரியம். எப்ஸ்டீன் பார் என்று ஒரு வைரஸ், பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. அது நம்முடைய இன்டர்லூகின் 10 மாதிரியே ஒன்றைத் தன் மரபணுவில் எடுத்து வைத்திருக்கிறது. நம் பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறது! பிரேக் எவ்வளவு பலமோ அவ்வளவுக்கு இந்த மாதிரி ஆட்களுக்குக் கொண்டாட்டம்.

கடலோரம் எழுதியது:

சரிப்பா, பவுடர் விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் குடித்தது ஒன்றும் செய்யவில்லை என்று மட்டும் சொல்லாதீங்க, வாய்க்கு ருசியாக இருந்தது.

குலசேகரம் பையன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதையெல்லாம் அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். லூட்டாய்டு என்ற பேர் தெரியாதே தவிர, பால் தானாகவே அடைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். "அதை அடைக்கவிடாமல் பட்டையில் மருந்து தேய்த்தால் மத்தியானம் வரை ஒழுகும், ஆசைப்பட்டு அடிக்கடி தேய்த்தால் பட்டை வறண்டுபோகும், அப்புறம் எவ்வளவு வெட்டினாலும் சொட்டு வராது" என்றார். கொஞ்ச நேரம் காலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வார்டில் கிடந்தபோது நான் அந்த வறண்ட மரம்" என்றார். வறண்ட மரத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வெட்டாமல் போட்டுவைப்போம், சிலது திரும்பும் என்றார்.

அக்கா, முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கியாகிவிட்டது. டின் சித்தப்பா வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டது, அவர் இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்னொரு சந்தேகம்: கால் காயம் முக்கால்வாசி மூடிவிட்டது, ஆனால் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்னும் ஈரமாகவே இருக்கிறது, நாற்றம் இல்லை, வலி இல்லை. செவ்வாய்க்கிழமை டிரெஸ்ஸிங்குக்குப் போகிறோம், அதுவரை பொறுக்கலாமா?

நைட் டூட்டி அக்கா எழுதியது:

வலி இல்லை என்பதை நம்பாதீங்க, சர்க்கரைக்காரர் காலில் வலி தெரியாமலே உள்ளே போகும். செவ்வாய் வேண்டாம், நாளைக்கே காட்டுங்க.